கோட்டுக்கு அந்தப் பக்கம்: மலாக்கா ஜலசந்தியும் மூன்று கடற்படைகளும்

1999 அக்டோபர் 22. சுமத்ராவின் கோலா தஞ்சுங் துறைமுகத்திலிருந்து 'அலோண்ட்ரா ரெயின்போ'ன்னு ஒரு ஜப்பான்காரரோட சரக்குக் கப்பல் கிளம்பியது. உள்ளே சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டி. போய்ச் சேர வேண்டிய இடம் ஜப்பான். மாலுமிகள் 17 பேர், அதில் இரண்டு பேர் ஜப்பானியர்கள், மிச்சம் 15 பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். அன்னிக்கு ராத்திரியே ஒரு கும்பல் ஆயுதங்களோடு கப்பலில் ஏறிவிட்டது. மாலுமிகளை வேறொரு கப்பலுக்கு மாற்றி ஒரு வாரம் போல அடைத்து வைத்தார்கள். அப்புறம் ஒரு உயிர்காப்புத் தெப்பத்தில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பத்து நாள் வாக்கில் அந்தத் தெப்பம் மிதந்தது. கடைசியில் ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகு பார்த்துத் தூக்கியது. 17 பேருமே உயிரோடு இருந்தார்கள்.

கப்பல்? அதுக்குப் புது பெயிண்ட் அடித்து, 'மெகா ராமா'ன்னு பெயர் மாற்றி, பெலிஸ் நாட்டுக் கொடியையும் ஏத்தியாச்சு. கோலாலம்பூரில் இருக்கிற சர்வதேச கடல்சார் பீரோவின் கடற்கொள்ளைத் தகவல் மையம் எல்லாக் கப்பல்களுக்கும் அடையாளம் சொல்லி எச்சரிக்கை அனுப்பியது. அரபிக்கடலில் ஒரு குவைத் டேங்கர் அதே சாயலில் ஒரு கப்பலைப் பார்த்துத் தகவல் சொன்னது. நம்ம கடலோரக் காவல்படையின் 'தாராபாய்' துரத்தியது, சுட்டது, கப்பல் நிற்கவே இல்லை. அப்புறம் கடற்படையின் ஐ.என்.எஸ். பிரஹாரும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 16ஆம் தேதி பிடித்தார்கள். உள்ளே இருந்த 15 பேரும் இந்தோனேசியர்கள். மாட்டப்போகிறோம்னு தெரிந்ததும் கப்பலுக்குத் தீ வைத்து, தண்ணீரையும் திறந்துவிட்டு மூழ்கடிக்கப் பார்த்தார்கள். அதையும் காப்பாற்றி மும்பைக்கு இழுத்து வந்தார்கள். ஆனால் சரக்கில் கிட்டத்தட்ட 3,000 டன் அதற்குள் கைமாறிவிட்டது.

வழக்கு என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்கிறேன். அது தனிக் கூத்து.

என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. கப்பல் கடத்தப்பட்ட இடம் மலாக்கா ஜலசந்தியின் வாசல். அந்த ஜலசந்தியைச் சுற்றி இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் என மூன்று நாட்டுக் கடற்படைகள். அத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இந்தியாவையே சுற்றிக்கொண்டு அரபிக்கடல் வரை போய், நாலாவதாக ஒரு நாடு பிடிக்கிறது. எப்படி?

கொஞ்சம் வரைபடத்தைப் பாருங்க. ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேயா தீபகற்பம். நடுவில் சுமார் 800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புனல். வடமேற்கில், நம்ம கிரேட் நிகோபார் பக்கம் அகலமாக ஆரம்பித்து, போகப் போகக் குறுகி, சிங்கப்பூருக்குத் தெற்கே பிலிப் கால்வாய் என்கிற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகிவிடும். அரபு நாட்டு எண்ணெய் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கொரியாவுக்கும் போகிற நெடுஞ்சாலை இதுதான். நெரிசலில் கப்பல் வேகத்தைக் குறைத்தே ஆகணும். முழுச் சரக்கோடு இருக்கிற டேங்கரின் பக்கவாட்டுச் சுவர் தண்ணீருக்கு மேல் அதிகம் தெரியாது. நடுராத்திரி தாண்டி, கப்பலின் பின்பக்கமாகச் சின்னப் படகில் வந்து, நீள மூங்கில் கழியில் கொக்கி மாட்டி ஏறிவிடுவார்கள். கையில் பாராங்குன்னு சொல்ற வெட்டுக்கத்தி. கேப்டனின் அறையில் இருக்கிற பணப்பெட்டி, மாலுமிகளின் வாட்ச், மோதிரம்... அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒரு ப்ராஜெக்டுக்காக எட்டு மாசம் சிங்கப்பூரில் இருந்தேன். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நின்றால், டைடல் பார்க் சிக்னலில் ஆபீஸ் பஸ் நிக்கிற மாதிரி கப்பல்கள் வரிசையாக நிற்கும். அதற்குப் பின்னால் மங்கலாக இந்தோனேசியத் தீவுகள். நண்பர்களோடு தெற்கே ஒரு குட்டித் தீவுக்குப் படகில் போனபோது, சிங்கப்பூர் எல்லைக்குள் இருக்கும்போதே செல்போனுக்கு "இந்தோனேசியாவுக்கு நல்வரவு"ன்னு மெசேஜ் வந்தது. சிக்னலுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் ரோந்துப் படகுக்குத் தெரியும். பிரச்சினையே அதுதான்.

1982ஆம் வருஷத்து ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி 'கடற்கொள்ளை' என்றால் அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீர்ப்பரப்பில் நடந்திருக்கணும். அப்போதுதான் எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் (சுமார் 22 கிலோமீட்டர்) நடந்தால் அது வெறும் கொள்ளை, அந்த நாட்டுப் போலீஸ் விவகாரம். மலாக்காவின் குறுகலான பகுதியில் இரண்டு பக்கமும் 12 மைல் அளந்தால் நடுவில் பொதுக்கடலே மிஞ்சாது. துரத்திக்கொண்டு போகும் உரிமையும் உண்டு, ஆனால் ஓடுகிறவன் தன் நாட்டு எல்லைக்குள்ளோ இன்னொரு நாட்டு எல்லைக்குள்ளோ நுழைந்த கணமே அந்த உரிமை முடிந்தது. பாத்தாம் பக்கத்தில் பெலாக்காங் பாடாங்னு ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து பார்த்தால் சிங்கப்பூரின் கட்டடங்கள் தெரியும். தொண்ணூறுகளில் கடற்கொள்ளைக்காரர்களின் ஊர்னே அதற்குப் பெயர். ஸ்பீட்போட்டில் இந்தப் பக்கம் வந்து ஒரு கப்பலை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டால், துரத்திய சிங்கப்பூர் படகு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்.

அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஜலசந்திக்கு இரண்டு பக்கமும் காலங்காலமாக ஒரே உலகமாகத்தான் இருந்தது. ஸ்ரீவிஜயம் இரண்டு கரையிலும் ஆண்டது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் படையெடுத்தபோது சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தையும் அடித்தான், எதிர்க்கரையில் இருந்த கடாரத்தையும் அடித்தான். பிறகு வந்த மலாக்கா சுல்தான்களும் அப்படித்தான். ஓராங் லாவுத் என்கிற கடலோடிகள்தான் அவர்களுக்குக் காவல் படை. (இவர்களையே பின்னால் வெள்ளைக்காரர்கள் கொள்ளைக்காரர் கணக்கில் சேர்த்தார்கள். ராஜா கூப்பிட்டால் கடற்படை, கூப்பிடாவிட்டால் கொள்ளைக்காரன்!)

1824 மார்ச் 17ஆம் தேதி லண்டனில் பிரிட்டனும் ஹாலந்தும் ஒரு ஒப்பந்தம் போட்டன. மலாக்கா பிரிட்டனுக்கு, சுமத்ராவின் பெங்கூலு ஹாலந்துக்கு, சிங்கப்பூர் மேல் இருந்த ஆட்சேபத்தை டச்சுக்காரர்கள் விட்டுவிடுவது. ஜலசந்திக்கு நடுவே கோடு விழுந்தது அப்போதுதான். இன்றைய மலேசியா, இந்தோனேசியா எல்லைக்கு மூலம் அதுதான். நமக்கும் இதில் பங்கு உண்டு. அதே ஒப்பந்தப்படி இந்தியாவில் இருந்த டச்சு இடங்கள் எல்லாம் பிரிட்டிஷாருக்குப் போயின. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி எல்லாம் 1825ல் கைமாறியது இப்படித்தான். சதுரங்கப்பட்டினம் கோட்டையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற எத்தனை பேருக்கு மலாக்கா ஞாபகம் வரும்?

இதில் நான் ரசித்த விஷயம் ஐந்தாவது ஷரத்து. இந்தக் கடல்களில் கடற்கொள்ளையை இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒழிக்கும்னு உறுதி சொல்கிறது. அதாவது, கொள்ளைக்காரனுக்கு ஒளிய இடம் கொடுத்த கோடும், அவனைச் சேர்ந்து பிடிப்போம் என்ற முதல் சத்தியமும் ஒரே காகிதத்தில்!

வெள்ளைக்காரர்கள் போனார்கள். கோடு போகவில்லை, கெட்டியானது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு 'கொன்ஃப்ரொந்தாசி' என்கிற அறிவிக்கப்படாத போர் நடத்தியது. 1965 மார்ச் 10ல் சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். வைத்தவர்கள் இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள், உஸ்மானும் ஹாருனும். 1968ல் சிங்கப்பூர் அவர்களைத் தூக்கில் போட்டது. இந்தோனேசியாவில் அவர்கள் தேசிய வீரர்கள். 1973ல் லீ குவான் யூ ஜகார்த்தா போனபோது அந்த இருவர் கல்லறையில் மலர் தூவினார். அதற்குப் பிறகுதான் உறவு சீரானது. அப்படியும், 2014ல் இந்தோனேசியா தன் புதுப் போர்க்கப்பலுக்கு அந்த இருவர் பெயரையே வைத்தது. சிங்கப்பூர் கொதித்துப்போய், அந்தக் கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் விடமாட்டேன்னு சொல்லிவிட்டது. பக்கத்து நாடுகள் சேர்ந்து குற்றத்தைத் தடுக்கணும்னு அறிக்கை விடுவது சுலபம். இந்தப் பின்னணியில்தான் ஒருத்தர் கப்பலை இன்னொருத்தர் கடலுக்குள் விடணும் என்பதை மறந்துவிடக் கூடாது.

1992ல் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் தத்தம் பக்கத்தில் நேரம் ஒத்துப் பேசி ரோந்து போக ஆரம்பித்தன. கொள்ளை குறைந்தது. 1997ல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது, 98ல் சுகார்த்தோ ஆட்சி விழுந்தது. ரூபியா தரைக்குப் போனது. மீனவனுக்கு வருமானம் இல்லை, கடற்படைக்கு டீசல் வாங்கக் காசில்லை. 2000ஆம் வருஷம் மலாக்கா ஜலசந்தியில் மட்டும் 75 தாக்குதல்கள் பதிவாயின.

அடுத்தது 2001 செப்டம்பர் 11. அந்த டிசம்பரில் சிங்கப்பூரில் ஜெமா இஸ்லாமியா கும்பலின் குண்டுவெடிப்புத் திட்டம் அம்பலமானது. 2002 அக்டோபரில் யேமன் அருகே 'லிம்பர்க்' எண்ணெய்க் கப்பல் மேல் தற்கொலைப் படகு மோதியது. அதே மாதம் பாலியில் 202 பேர் செத்தார்கள். கொள்ளைக்காரன் ஒரு டேங்கரைக் கடத்தி பயங்கரவாதி கையில் கொடுத்தால் என்ன ஆகும்னு சிங்கப்பூர் கவலைப்பட்டது. இதெல்லாம் மிகைப்படுத்தல்னு மலேசியாவும் இந்தோனேசியாவும் சொல்லின. அமெரிக்கச் சரக்குகளோடு வந்த கப்பல்களுக்கு 2002ல் சில மாதம் நம்ம ஐ.என்.எஸ். சாரதாவும் சுகன்யாவும் மலாக்காவில் துணைக்குப் போனது தனிக்கதை.

திருப்பம் 2004 மார்ச் 31. அமெரிக்க பசிபிக் படைத் தளபதி அட்மிரல் தாமஸ் ஃபார்கோ தன் நாட்டு நாடாளுமன்றக் குழு முன்னால், மலாக்காவுக்கு அதிவேகப் படகுகளில் சிறப்புப் படைகளை அனுப்பலாம் என்கிற மாதிரி பேசினார். அவ்வளவுதான். கோலாலம்பூரும் ஜகார்த்தாவும் பற்றிக்கொண்டு எரிந்தன. "இது எங்க வீட்டு வாசல், உனக்கென்ன வேலை?" என்கிற ரகம். 1971லேயே இது சர்வதேச ஜலசந்தி இல்லைன்னு அறிவித்தவர்கள் இவர்கள். நான்கே மாதத்தில், ஜூலை 20ஆம் தேதி, மூன்று நாடுகளும் சேர்ந்து 17 கப்பல்களோடு 'மால்சிண்டோ' ரோந்தை ஆரம்பித்தன. இந்தோனேசியா 7, மற்ற இருவரும் ஆளுக்கு 5. முப்பது வருஷமாக நடக்காதது நாலு மாதத்தில் நடந்ததற்குக் காரணம் கொள்ளைக்காரர்கள் இல்லை, அமெரிக்கர்கள்தான்னு நான் அடித்துச் சொல்வேன். சில சமயம் பங்காளிகளைச் சேர்த்து வைக்க வெளியாள் ஒருத்தன் வாசலில் வந்து நின்றால் போதும்.

கவனிங்க, இது 'கூட்டு' ரோந்து இல்லை, 'ஒருங்கிணைந்த' ரோந்து. வார்த்தை விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் மொத்த வித்தியாசமும் அங்கேதான். யார் கப்பலும் யார் எல்லைக்குள்ளும் போகாது. அவரவர் தம் பக்கத்தில் சுற்றுவார்கள், 24 மணி நேரத் தொலைபேசித் தொடர்பு இருக்கும். "உங்க பக்கம் ஒருத்தன் ஓடி வரான், பிடிங்க"ன்னு சொல்லலாம். எங்க தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறோம். இரண்டு கம்பெனி சிஸ்டம் பேசணும்னா எவனும் தன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கொடுக்க மாட்டான். "என்ன வேணும்னு கேளு, நானே எடுத்துத் தரேன்" என்பான். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நடக்கும் :-)

2005 ஜூனில் அடுத்த அடி. லண்டன் இன்சூரன்ஸ் சந்தையின் கூட்டுப் போர்க் குழு, மலாக்கா ஜலசந்தியைப் போர் அபாயப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. ஈராக்கும் சோமாலியாவும் இருக்கிற பட்டியல்! பிரீமியம் ஏறினால் துறைமுக வியாபாரம் அடிவாங்கும். மூன்று அரசுகளும் கத்தின. அப்போது மலேசிய ராணுவ அமைச்சராக இருந்த நஜிப் ரசாக் முன்வைத்த யோசனைப்படி, செப்டம்பர் 13ல் 'வானத்தில் கண்கள்' என்ற விமான ரோந்து ஆரம்பமானது. இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். விமானம் ஒரு நாட்டுடையது, ஆனால் உள்ளே எல்லா நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். விமானம் எந்தக் கடலுக்கு மேல் பறந்தாலும் அந்த நாட்டு ஆள் உள்ளே இருக்கிறார், எனவே உளவு பார்த்ததாக ஆகாது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மட்டும் வரக்கூடாது. கப்பலால் தாண்ட முடியாத கோட்டை இப்படித் தாண்டினார்கள். பிறகு தாய்லாந்தும் சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து மலாக்காவை எடுத்தார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்க: 2004ல் 38, 2005ல் 12, 2006ல் 11, 2007ல் 7, 2008ல் 2. அரசுகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டன. ஆனால் நடுவில் 2004 டிசம்பர் 26 இருக்கிறது. ஆச்சேயின் மேற்குக் கரையைச் சுனாமி துடைத்துப் போட்டது. அதன் பின் சில வாரங்கள் ஜலசந்தியே அமைதியாக இருந்து, மறுபடி ஆரம்பித்தது; மார்ச் 2005ல் 'இடாட்டன்' என்ற ஜப்பானிய இழுவைப் படகின் கேப்டன் உள்பட மூன்று பேர் கடத்தப்பட்டார்கள். ஆகஸ்ட் 15ல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சே போராளிகளும் சமாதானம் செய்துகொண்டார்கள். வடக்கு ஜலசந்தியில் ஆள் கடத்திப் பணம் பறித்ததற்கெல்லாம் பழி விழுந்தது அந்தப் போராளிகள் மேல்தான். கடலில் ரோந்து போனது முக்கியமா, கரையில் போர் நின்றது முக்கியமா? இரண்டாவதுதான் பெரிது என்பது என் கட்சி. வாரத்துக்குச் சில தடவை பறக்கிற விமானத்தைப் பார்த்து எந்தக் கொள்ளைக்காரனும் நடுங்கியிருக்க மாட்டான். ஆனால் ரோந்து இல்லாவிட்டால் அந்த அதிகாரிகள் ஒருத்தர் நம்பரை ஒருத்தர் வாங்கியே இருக்க மாட்டார்கள்.

அந்த நம்பர் எதற்கு உதவியது என்பதற்கு 2015 ஜூன். 'ஓர்கிம் ஹார்மனி' என்ற மலேசிய டேங்கர், 22 மாலுமிகள், சுமார் 6,000 டன் பெட்ரோலோடு காணாமல் போனது. கொள்ளையர்கள் செய்த பெயர் மாற்றத்தைக் கேளுங்க: முன்னாடி இரண்டு எழுத்து, பின்னாடி ஒரு எழுத்தை அழித்து 'கிம் ஹார்மன்'. பெயிண்டுக்குக் கூட சிக்கனம்! ஆஸ்திரேலிய விமானம் உள்பட எல்லோரும் தேடினார்கள். மலேசியக் கடற்படை நெருங்கியதும் எட்டுப் பேர் உயிர்காப்புப் படகில் தப்பி வியட்நாமின் தோ சூ தீவில் ஒதுங்கினார்கள். அங்கே வியட்நாம் காவலர்கள் காத்திருந்தார்கள். 1999க்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

எல்லாம் சுபம்னு நினைக்க வேண்டாம். ஜப்பான் முன்னெடுத்த 'ரீகாப்' என்ற ஆசிய நாடுகளின் கடற்கொள்ளைத் தடுப்பு ஒப்பந்தம் 2006 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியா, இலங்கை எல்லாம் உறுப்பினர்கள், நார்வே கூட உறுப்பினர். ஜலசந்தியின் இரண்டு கரைக்கும் சொந்தக்காரர்களான மலேசியாவும் இந்தோனேசியாவும் சேரவில்லை. தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனதில் கோலாலம்பூருக்கு வருத்தம், இந்தோனேசியாவுக்கு இறையாண்மைக் கவலை. வெளியிலிருந்து ஒத்துழைக்கிறார்கள், அவ்வளவுதான். அதே ரீகாப் கணக்குப்படி மலாக்கா, சிங்கப்பூர் ஜலசந்திகளில் 2022ல் 55, 2023ல் 63, 2024ல் 62 சம்பவங்கள். பெரும்பாலும் இஞ்சின் உதிரி பாகமும், இழுவைப் படகு இழுத்துப் போகிற பார்ஜில் இருக்கிற பழைய இரும்பும்தான் திருட்டுப் போகிறது. பேப்பரில் வராத திருட்டு. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு இஞ்சின் ரூமில் கத்தியோடு நாலு பேரைப் பார்க்கிற மாலுமிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த 15 பேர். மும்பை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கடற்கொள்ளைக்குன்னு அப்போது இந்தியாவில் தனிச் சட்டமே இருக்கவில்லை. பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்களைத் தேடி எடுத்து வழக்குப் போட்டார்கள். கப்பல் ஜப்பான்காரருடையது, கொள்ளை நடந்தது இந்தோனேசியா பக்கம், மாலுமிகள் பிலிப்பைன்ஸ், காப்பாற்றியது தாய்லாந்து, பிடித்தது நாம். 2003 பிப்ரவரியில் ஏழு வருஷ தண்டனை கிடைத்தது. 2005 ஏப்ரலில் மும்பை உயர்நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது.

இந்தியாவின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். 2024 மார்ச்சில் 'ருயென்' கப்பலில் பிடிபட்ட 35 சோமாலியர்களை ஐ.என்.எஸ். கொல்கத்தா அதே மும்பைக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ்தான் பதிவானது.